களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்: முதலில் வடிகால்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், பின்பக்க முற்றத்தில் செயற்கைப் புல் பதிப்பது. அதைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல அனுமதி கேட்டேன். நான் சிவில் இன்ஜினியர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கொட்டேஷனை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. வந்திருக்கும் கொட்டேஷன்களைப் படித்தேன், இந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்டேன், முற்றத்து மண்ணையும் தோண்டிப் பார்த்தேன். அந்த மூன்றிலிருந்தும் கிடைத்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. டர்ஃப் வேண்டும் என்று கேட்கும் இளம் பெற்றோர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஐப்பசி தொடங்கினால் மார்கழி வரை அந்த முற்றம் சேறு. பிள்ளைகள் விளையாட இடமில்லை. சேற்றுக் காலோடு லிப்டில் ஏறுகிறார்கள். வயதானவர்கள் துணி உலர்த்தப் போகவே பயப்படுகிறார்கள். கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் பிள்ளைகளின் கால் மாட்டுகிறது. ஆகவே முற்றத்துக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும். எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மில் சிலர் கடலூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் போட்டிருக்கும் பச்சைத் தரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மழை பெய்து அரை மணி நேரத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். அதையும் நம்புகிறேன்.

ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நாற்பது சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குள் மண் அடியோடு மாறிவிடுகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரை மணல். கேப்பர் மலைப் பக்கம் செம்மண். அங்கே தண்ணீர் ஊற்றினால் மண் குடித்துவிடும். கடலூரிலும் ஆற்றை ஒட்டிய இடங்களில் களி உண்டு என்றாலும், நாம் பார்த்த குடியிருப்பு மணல் மேல் நிற்கிறது. நாம் இருப்பதோ வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் காவிரி டெல்டாவின் கடைமடை. ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த களி. அதிலும் நம் குடியிருப்பு நிற்கும் இடம் ஒரு காலத்தில் நஞ்சை. மேலே கொட்டியிருக்கும் ஓர் அடி கிராவலும் கட்டட இடிபாடும் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் அடியில் இருப்பது பழைய வயல்தான்.

களிமண்ணின் குணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். களித்துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. தட்டையான தகடு மாதிரி இருக்கும். தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும், தண்ணீர் போனால் சுருங்கும். மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். களியில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் இறங்கும். இந்தக் குணத்தால்தான் நம் பக்கம் நெல் விளைகிறது. உழவர்கள் சேற்றுழவு செய்வது எதற்கு? வயலின் அடியை மிதித்துக் குழப்பி இறுக்கினால் தண்ணீர் கீழே இறங்காது, பயிருக்கு நிற்கும். வயலுக்கு எது வரமோ அதுவே முற்றத்துக்குச் சாபம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவசரப்பட்டு ஈர மண்ணில் ஜேசிபியை இறக்கி, ரோலர் ஓட்டி, மேலே புல்லை விரித்தால் நாம் செய்வதும் சேற்றுழவுதான். நஞ்சையை மறுபடியும் நஞ்சை ஆக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் பாய் விரித்ததாக ஆகும்.

இப்போது கணக்கு. முற்றம் 40 அடிக்கு 25 அடி, அதாவது 1,000 சதுர அடி. சதுர மீட்டரில் ஏறக்குறைய 93. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அதிசயம் இல்லை. 2015 நவம்பரில் நம் மாவட்டத்து நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 ஃபெஞ்சல் புயலையும் மறந்திருக்க மாட்டோம். நாம் 10 சென்டிமீட்டரையே வைத்துக்கொள்வோம். அந்த முற்றத்தில் மட்டும் 9,300 லிட்டர் தண்ணீர் விழும். ஒரு தண்ணீர் லாரி கொள்ளளவு. களி மணிக்கு 5 மில்லிமீட்டர் குடித்தாலும் 20 மணி நேரம் ஆகும். மணிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் நான்கு நாளுக்கு மேல். கார்த்திகையில் மண் ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும், அப்போது ஒரு சொட்டுகூட இறங்காது.

செயற்கைப் புல்லின் அடிப்பாகத்தில் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிந்துவிடும் என்று சொல்கிறார்கள். துளை இருப்பது உண்மை. துளை வழியாக இறங்கும் தண்ணீர் அடுத்து எங்கே போகும்? அதற்குக் கொட்டேஷனில் பதில் இல்லை.

செயற்கைப் புல் முதன்முதலில் பெரிய அளவில் பெயர் வாங்கிய இடம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கம். 1966-இல் அங்கே பதித்தார்கள். அது கூரை போட்ட அரங்கம். உள்ளே மழையே கிடையாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. இப்படிப்பட்ட மைதானங்களில் புல்லுக்கு அடியில் தனியாகத் தளம் அமைத்து, சரிவும் வடிகாலும் கொடுத்திருப்பார்கள். நாம் டிவியில் பார்ப்பது மேலே இருக்கும் பச்சையை மட்டும்தான்.

சிதம்பரத்திலேயே என் உறவினர் இருக்கும் ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். களிமண்ணைச் சமப்படுத்தி, மூன்று அங்குலம் கிரஷர் டஸ்ட் கொட்டி, ரோலர் போட்டு, சித்திரையில் புல் பதித்தார்கள். ஐந்து மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். ஐப்பசி மழையில் டஸ்ட் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது, அடியில் களி வீங்கியது. தரை அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பியது. ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போயின. தை மாதம் காய்ந்தபோது மதில் ஓரமாகக் களி சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. வாரண்டியைக் கேட்டார்கள். வாரண்டி புல்லின் நிறம் வெளுக்காமல் இருப்பதற்கு, தரை அமிழ்ந்தால் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. கடைசியில் புல்லைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டிருக்கிறார்கள். செலவழித்த பணம் போனது ஒரு பக்கம். வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை சரியில்லை. நம் குடியிருப்பில் அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்படியானால் களியில் செயற்கைப் புல்லே போட முடியாதா? முடியும். முறையாகச் செய்தால் நிற்கும். முறை என்ன என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி, மண்ணைச் சோதிப்பது. இதற்குக் காசு வேண்டாம். ஈரமண்ணைக் கையில் உருட்டிக் கயிறாக்குங்கள். அதை வளைத்து மோதிரம் செய்தும் விரிசல் விடாவிட்டால் அது நல்ல களி. அடுத்து ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த மண்ணை நம்பி எதுவும் பதிக்கக்கூடாது. நம் முற்றத்தில் மூன்று இடத்தில் பார்த்தேன். வடமேற்கு மூலையில் காலையில் நிரப்பிய தண்ணீர் மாலையிலும் முக்கால்வாசி நின்றது. மண் எவ்வளவு வீங்கும் என்று பார்க்க ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2720, பகுதி 40. சலித்த உலர்ந்த மண்ணில் 10 கிராம் எடுத்துத் தண்ணீர் உள்ள அளவுக் குழாயில் போடுவார்கள், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெய் உள்ள குழாயில் போடுவார்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. ஒரு நாள் கழித்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வீங்கும் மண். ஒப்பந்தக்காரரை இந்தச் சோதனை முடிவைக் கொண்டுவரச் சொல்லலாம்.

இரண்டாவது படி, தண்ணீர் வெளியேறும் வழி. இதுதான் முக்கியம். சிதம்பரம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சரிவு மிகக் குறைவு. தெருச் சாக்கடை நிரம்பினால் தண்ணீர் நம் பக்கமே திரும்பி வரும். ஆகவே முற்றத்து வடிகால் குழாயின் வாய், தெருவில் மழைநாளில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை விட உயரமாக இருக்க வேண்டும். அது முடியாது என்றால் ஒரு சேகரிப்புத் தொட்டி கட்டி, சிறிய மோட்டார் வைத்து வெளியேற்ற வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. போர் போட்டவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் பல இடங்களில் களிக்குக் கீழே மணல் படுகை வரும். அதுவரை துளையிட்டு, வடிகட்டி அமைத்து, நல்ல தண்ணீரை உள்ளே விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் பழைய சேகரிப்புத் தொட்டி களியிலேயே நின்றுவிட்டதால்தான் வேலை செய்வதில்லை. அதைச் சரிசெய்தால் இரண்டு காரியமும் ஒன்றாக முடியும். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் இப்போது முற்றத்தில் கொட்டுகிறது. அதை முதலில் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, தோண்டுவது. எட்டு அங்குல ஆழம். 1,000 சதுர அடிக்கு 667 கன அடி மண் வரும். களி தோண்டினால் உதிர்ந்து கால் பங்கு கூடும். எட்டு யூனிட்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எங்கே கொட்டுவது என்று கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் கொட்டினால் அடுத்த மழையில் நாமே அனுபவிப்போம். தோண்டிய அடித்தளத்துக்குச் சரிவு வேண்டும். நூற்றுக்கு ஒன்று. 25 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம். கொத்தனாரிடம் ட்யூப் லெவல் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, ஜியோடெக்ஸ்டைல் என்னும் துணி விரிப்பு. இது இல்லாவிட்டால் ஜல்லி களிக்குள் புதையும், களி ஜல்லிக்குள் ஏறும். இரண்டு மழையில் இரண்டும் கலந்துவிடும். சரிவின் தாழ்ந்த பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, துணி சுற்றி, துளையிட்ட நான்கு அங்குலக் குழாய் பதிக்க வேண்டும்.

ஐந்தாவது, ஜல்லி. ஆறு அங்குலத்துக்கு ஐந்து யூனிட். ரோலரில் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூடவே ஆகும். தூள் கலக்காத ஜல்லியில் 30 முதல் 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். ஆறு அங்குல அடுக்கு 45 முதல் 60 மில்லிமீட்டர் மழையைத் தனக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகக் குழாய்க்கு அனுப்பும். அதன் மேல் ஒன்றரை அங்குலம் சிறு சிப்ஸ். கிரஷர் டஸ்டைத் தடிமனாகப் போடக்கூடாது. மலிவு என்பதால் அதைத்தான் சொல்வார்கள். சிமென்ட் தளம் போடலாமே என்று ஒருவர் கேட்டார். அடியில் களி வீங்கிச் சுருங்கும்போது மெல்லிய சிமென்ட் தளம் விரிசல் விடும். நிலத்துக்குள் இறங்கும் கொஞ்சத் தண்ணீரையும் அது தடுத்துவிடும்.

ஆறாவது, புல்லை விரிக்கும் முன் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. ஜல்லி போட்டு முடித்ததும் சம்பிலிருந்து ஹோஸ் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். குழாயின் வாயில் தண்ணீர் வந்தால்தான் அடுத்த வேலை. மூடிவிட்ட பிறகு யாரும் திறந்து காட்ட மாட்டார்கள். ஒவ்வொரு அடுக்கையும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

இதையெல்லாம் தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிக்க வேண்டும். அப்போது மண் சேறாகவும் இருக்காது, வெடித்தும் இருக்காது.

இனிக் கொட்டேஷனுக்கு வருகிறேன். மூன்று கொட்டேஷனிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான் இருக்கிறது. அதைப் பிரித்துக் கேட்போம். தோண்டுவதற்கு, மண் அகற்றுவதற்கு, துணிக்கு, குழாய்க்கு, ஜல்லி எத்தனை யூனிட் எந்த அளவு, ஓரக்கல்லுக்கு, கடைசியில் புல்லுக்கு. பிரித்துக் கொடுத்தால்தான் மலிவான கொட்டேஷன் எதை விட்டுவிட்டு மலிவானது என்று தெரியும். பணத்தை வேலை நடக்க நடக்கத் தருவோம். நூற்றுக்குப் பத்தை நிறுத்திவைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு கொடுப்போம். தரை அமிழ்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம்.

புல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நேர் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. கத்திரி வெயிலில் பகல் நேரத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்க முடியாது. நம் முற்றத்தில் மதியத்துக்குப் பிறகு கட்டட நிழல் விழுவது கிழக்குப் பாதியில் மட்டும்தான். எட்டுப் பத்து ஆண்டில் புல்லை மாற்ற வேண்டியிருக்கும். கழற்றியது அத்தனையும் பிளாஸ்டிக் குப்பை. புல்லுக்கு இடையில் தூவும் ரப்பர் துகள்களை ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் என்று வகைப்படுத்தி, 2023-இல் சட்டம் போட்டு, 2031 முதல் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. நாம் போடுவதானால் ரப்பர் வேண்டாம், சிலிக்கா மணல் போதும்.

நிஜப் புல்லையும் மறந்துவிட வேண்டாம். வெளிநாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்று போடுவதில் ஒன்று நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே இனம். வடிகால் அமைத்து, மேலே மணலும் தொழுஉரமும் கலந்த மண்ணை ஆறு அங்குலம் பரப்பினால் அது தானாகப் படரும். வாரம் ஒரு முறை வெட்டவும், கோடையில் தண்ணீர் விடவும் ஆள் வேண்டும். நிறையக் கால் படும் இடத்தில் வழுக்கை விழும். அந்தக் குறையும் உண்டு.

செயற்கையோ, அருகம்புல்லோ, வெறும் சிப்ஸ் தரையோ, எது போட்டாலும் அடியில் வடிகால் வேண்டும். அந்தச் செலவு எதிலும் வீண் போகாது. ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரே தீர்மானத்தை இரண்டாகப் பிரிப்போம். முதல் தீர்மானம்: மாடித் தண்ணீர்க் குழாயைத் திருப்புவது, சேகரிப்புத் தொட்டியைச் சரிசெய்வது, சரிவு, துணி, குழாய், ஜல்லி, சிப்ஸ் வரை முடிப்பது. இதை வரும் தையில் தொடங்குவோம். சேறு அப்போதே போய்விடும். பிள்ளைகள் கோடை விடுமுறைக்கே அதன் மேல் விளையாடலாம், ரப்பர் பாய் விரித்துக்கொண்டால் போதும். இரண்டாவது தீர்மானம்: ஒரு மழைக்காலம் கழித்து, தரை அமிழவில்லை என்று பார்த்த பிறகு, நிழல் விழும் 400 சதுர அடியில் செயற்கைப் புல்லா, அருகம்புல்லா என்று முடிவு செய்வது. அந்த முடிவில் பிள்ளைகளின் தாய்மார்கள் சொல்வதற்கே முதல் இடம்.

ஓர் ஆண்டு தாமதமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. குழிச் சோதனையின் அளவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். குழிகளை இன்னும் மூடவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது வடமேற்கு மூலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். நாளைக் காலையில் வந்து பார்த்துவிட்டு வாக்களியுங்கள். வாக்குப் பெட்டியை ஞாயிறு மாலை வரை வாட்ச்மேன் அறையில் வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார்.